ஒரு சாண் பாக்கி

பட்டறையில் அவளைத் 'துடைப்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்தாறு. ஆண்கள் வெல்டிங் வைத்து உதிர்த்த கம்பித் துண்டுகளைக் கூட்டிக் கூட்டியே தொழிலைக் கண்ணால் கற்றவள். கையால் கற்றது அவர்கள் சாப்பிடப் போகும் நேரங்களில். இன்று வேலை முடியும் சங்கு ஊதுவதற்குள் பெரிய எண்ணெய்த் தொட்டிக்குள் தகடுகள் சேரும் மூட்டு முழுவதையும் வெல்டிங் வைத்து முடித்துக் காட்டினால் அவளும் வெல்டர். இல்லையென்றால் மறுபடி துடைப்பம்.

தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால், அதன் வாயருகே ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் அவ்வப்போது இரும்புச் சுவரில் தட்டுவார். வெளியிலிருந்து பதிலுக்குத் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் போட்டது போட்டபடி ஏறி வந்துவிட வேண்டும். உள்ளே சேரும் புகை யாருக்கும் தயவு பார்க்காது.

அவளுக்காக நிற்க ஆளில்லை.

"நான் இங்க நின்னா, என் பொண்டாட்டி என்னை வாசல்ல நிக்க வச்சிருவா" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியில், அங்கேயே சாணை பிடிக்கும் அவள் தம்பிதான் சுத்தியலோடு வந்தான்.

"அக்கா, சீக்கிரம் முடிச்சிரு. எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

"பாத்தா தேய்ஞ்சா போயிருவ? பதில் மட்டும் தட்டுடா."

உள்ளே மூட்டு பிசிறில்லாமல் வளர்ந்தது. இன்னும் ஒரு சாண்தான். தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். இல்லை. தம்பி மயங்கிக் கியங்கி விழுந்துவிட்டானோ? கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஏறி வந்தாள்.

சுத்தியல் மட்டும் கிடந்தது. தம்பி பட்டறையின் அந்தக் கோடியில் பாரம் தூக்கும் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் கூப்பிட்டேன், அவசர வேலை" என்றார் மேஸ்திரி. "நீ ஏம்மா பாதியில வந்த? ஆம்பளைங்க யாரும் இப்படி வர்றதில்ல."

"ஆம்பளைங்க உள்ள இருக்கும்போது, வெளிய நிக்கிறவங்கள நீங்க கூப்பிடுறதில்லைங்க."

மேஸ்திரி காதைக் குடைந்தார். "சங்கு ஊத இன்னும் நேரமிருக்கு. வேற ஆள் கெடச்சா இறங்கு."

தம்பி தூரத்திலிருந்து பார்த்தான். சங்கிலியை விட்டுவிட்டு வந்தால் அவன் வேலைக்கும் உலை. வராதே என்று தலையசைத்தாள்.

முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு தொட்டி வாயருகே உட்கார்ந்தாள். கைகழுவப் போன ஒவ்வொருவரிடமும் சுத்தியலை நீட்டினாள்.

"அண்ணே, ஒரு சாண்தான் பாக்கி. கொஞ்ச நேரம் நில்லுங்க."