ஐந்தாம் கட்டத்துக் கொக்கு

காத்திருப்பவர்களின் பயம் போகட்டும் என்றுதான் பல் டாக்டர் அந்தப் பழைய வீடியோ கேமை வாங்கி வரவேற்பறையில் வைத்தார். பயம் போனது உண்மை. கூடவே பல்லும் போனது.

குடை பிடித்த ஒரு தவளை ஆற்றைக் கடந்து கடந்து போக வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். தவளையைச் சதுரம் சதுரமாக எண்ணிவிடலாம்: கண்ணுக்கு இரண்டு, வாய்க்கு மூன்று. அந்த மூன்று சதுரத்துக்குள் அவ்வளவு சிரிப்பை எப்படித்தான் அடைத்தார்களோ! ஆடாமல் சும்மா விட்டால் கொட்டாவி விடும். குடையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கிவிடும். அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் பல்வலி வருமுன்பே வந்து உட்கார்ந்தார்கள்.

தொல்லை ஐந்தாம் கட்டத்தில். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் தவளை குதிக்கும். மறுபடி அழுத்தினால் குடை விரிந்து மிதக்கும். இன்னொரு முறை அழுத்தினால் குடை மடங்கிவிடும். நட்டாற்றில் மிதக்கும் நேரம் பார்த்து ஒரு கொக்கு வரும். கொக்குக்கு ஒன்றே மதி. மூக்குக்கு நேரே வரும். ஆடுகிறவருக்கு ஆத்திரம் பொங்க, பல் நறநறக்க, கட்டைவிரல் தன்னாலே இன்னொரு முறை அழுத்திவிடும். ப்ளுக்! மூன்று உயிரும் போனால் மறுபடி முதல் கட்டம். நடுவில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. செய்தவனுக்கு மறதியா, மனித குலத்தின் மேலேயே கோபமா, தெரியவில்லை.

தெருவுக்கு வழி கேட்க வந்த ஒருவர்கூட ஒரு கை ஆடிவிட்டுக் கடைவாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கொக்கைப் பார்த்துக் கத்திய கத்தலில் அவருடைய பல்செட் பறந்துபோய்த் திரையைக் கடித்தது. அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம்.

டாக்டர் கொக்கைத் தம் தொழில் பங்காளியாகவே மதித்துவந்தார், தாமும் ஒருநாள் ஆடிப் பார்க்கும்வரை. பிறகு தினமும் ஆடினார். ஒரு காலையில் கொக்கு வந்தது, ப்ளுக்கென்றது தவளை, டக்கென்றது டாக்டரின் கடைவாய்.

"ஏங்க, கன்னம் பன்னு மாதிரி வீங்கிடுச்சு. எதிர்ல போய்க் காட்டுங்களேன்" என்றாள், வரவேற்பு மேசையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த மனைவி.

"உன் தம்பிகிட்டயா? அதுக்குப் பல்லே இல்லாம இருந்துட்டுப் போறேன்."

அவள் தம்பியும் பல் டாக்டர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் வேறு இடமே இல்லாததுபோல நேர் எதிரே மருத்துவமனை திறந்தார். அன்று நின்றது பேச்சு. இப்போது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தால் ஊரே பார்க்கும். தன் பல்லைக் காக்கத் தெரியாதவனிடம் எவன் வாயைத் திறப்பான்?

கண்ணாடி முன் நின்று தமக்குத் தாமே மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்தார். ஈறுக்கு வைத்த குறி காதுக்குப் போனது. அன்று மாலைவரை அவர் உடம்பிலேயே நிம்மதியாக இருந்தது அந்தக் காதுதான்.

மறுநாள் மதியம் வழக்கம்போல ஹெல்மெட்காரர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆடி, ஐந்தாம் கட்டத்தில் முனகி, டாக்டரைப் பார்க்காமலே போய்விடுவது அவர் வழக்கம். அன்று மேசையிலிருந்து குரல் வந்தது.

"போதும், கழட்டுடா."

"அக்கா..."

"கூடப் பொறந்தவளுக்கு நடை தெரியாதா? மொத நாளே தெரியும்."

ஹெல்மெட் கழன்றது. சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். "நீயா! என் கொக்கை அடிக்கத் திருட்டுத்தனமா வந்தியா?"

"உங்க கொக்குன்னு அதும்மேல எழுதியா வெச்சிருக்கு அத்தான்?"

சொன்ன மைத்துனரும் கன்னத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. அதே பக்கம், அதே பல். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவர் கன்னத்தை ஒருவர் கண்ணாடி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பல் டாக்டரு, ரெண்டு சொத்தை வாய்" என்றாள் அவள். "யாராவது ஒருத்தர் போய் நாற்காலில உக்காருங்க."

"நீங்கதான் பெரியவர்" என்றார் மைத்துனர்.

டாக்டர் தம் நாற்காலியில் தாமே முதல்முறையாகச் சாய்ந்தார்.

"வலிச்சா கையைத் தூக்குங்க அத்தான்."

"உங்கிட்டயா? செத்தாலும் தூக்க மாட்டேன்."

தூக்கவில்லை. ஊசி போட்டாயிற்று. வாய் மரக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று டாக்டர் வெளியே வந்து, தவளையை எழுப்பினார். ஐந்தாம் கட்டம். குதித்தது, குடை விரிந்தது, கொக்கு வந்தது. டாக்டர் பல்லைக் கடிக்கப் பார்த்தார். தாடை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கடிக்க வழியில்லாத ஆத்திரம் திகைத்து நின்றது, கட்டைவிரலும் அசையவில்லை. குடை மடங்கவில்லை. மூக்குக்கு நேரே வந்த கொக்கு கடைசி நொடியில் தாழ்ந்து, காலுக்கடியில் கடந்துபோனது. தவளை அக்கரையில் இறங்கிக் கொட்டாவி விட்டது.

மைத்துனருக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தான், எனக்கும் ஒரு ஊசி!"

அவருக்கும் போட்டாயிற்று. ஆறாம் கட்டம் திறந்தது. அதில் இரண்டு கொக்குகள். இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, கோணிய வாயால் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொண்டு ஆடினார்கள். எதற்கு ஊசி போட்டோம் என்ற நினைப்பே இல்லை. மரப்பு விட்டுப் பல் மெல்ல வலிக்கத் தொடங்கியபோதுதான் அவள் எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஐயோ!" என்றார்கள் இருவரும்.

"ஆறாம் கட்டம் போனதுக்கு நான் சாட்சி. உள்ள போய் ஒருத்தருக்கொருத்தர் பல்லைப் பாருங்க."

பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் பேசாத பேச்சையெல்லாம், எதிராளியின் வாய்க்குள் கருவி இருக்கும் நேரம் பார்த்து முறைவைத்துப் பேசித் தீர்த்தார்கள்.

மறுநாள் காலை, ஆறாம் கட்டச் சேதி எப்படியோ எட்டிவிட, திறந்ததும் முதல் ஆளாக நீதிபதி வந்து மேசை முன் நின்றார்.

"பல்லுதான் எனக்கு இல்லியேம்மா, அதுக்கு வரல. ஊசி மட்டும் ஒண்ணு போடச் சொல்லு."