மீனுக்குத் தீர்ப்புச் சொன்ன கலெக்டர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஓர் எழுத்து பொய்யென்றாலும், அடுத்த வேளைக் குழம்பில் கிடக்கும் சாளையின் முள் சொன்னவன் தொண்டையில் குறுக்கே நிற்கட்டும். இனி நடந்தது.

இரணியல் ராஜையன் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸிலிருந்து யாரும் குதித்துவிட முடியாது என்பதால், வேலையில் இருந்தவரை அவர் கதைகளைக் கேட்க ஆளுக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஓய்வு பெற்றதும்தான் வந்தது சங்கடம். பிள்ளைகள் மஸ்கட்டில். மனைவி ராஜபாய்க்கு எல்லாக் கதையும் மனப்பாடம். அவர் தொண்டையைச் செருமும்போதே முடிவைச் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டு யேசுதாசன் அவர் தலை தெரிந்தால் செத்தவன்போலப் படுத்துக்கொள்வான். ஒருமுறை அதை உண்மையென்று நம்பி மாலையே வாங்கி வந்துவிட்டார்கள்.

கேட்க ஒரு ஜீவன் வேண்டும் என்று ராஜையன் கொட்டாரம் வயல்பக்கமிருந்த நாய்கள் காப்பகத்துக்குப் போனார். அவரைக் கண்டதும் அங்கிருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. ஒரு காது மடங்கிய பழுப்பு நாட்டுநாய் மட்டும் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து, மனு கொடுக்க வந்தவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது. அதனாலேயே அங்கே அதற்குக் கலெக்டர் என்று பெயர். அருமனைக்கு அரை டிக்கெட் கேட்ட யானையின் கதையை ராஜையன் சொல்லிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தது கலெக்டர். ராஜையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

காப்பகத்து டாக்டர் ஷெர்லி நிபந்தனை சொன்னார். "ஒரு வாரம் வச்சுப் பாருங்க ஐயா. சனிக்கிழமை நான் வீட்டுக்கு வருவேன். வீட்டம்மா சம்மதிச்சாத்தான் நாய் உங்களுக்கு. இல்லைன்னா அதே ஜீப்புல திரும்பக் கூட்டிட்டு வந்துருவேன். அப்புறம், இந்த நாயைப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"ஆட்டோ நிக்குது டாக்டரே. சனிக்கிழமை சொல்லுங்க."

வீட்டு வாசலில் ராஜபாய் இடுப்பில் கைவைத்து நின்றாள். "இந்தப் பட்டிநாய் படி ஏறினா நான் இறங்கிருவேன், கேட்டியளா? சனிக்கிழமை வரட்டு. எனக்க வாயாலயே டாக்டருகிட்ட சொல்லுதேன்."

"ஏட்டி, ஒரு வாரந்தானே."

"ஒம்ம கதையைக் கேட்டா அது ஒரு வாரம் உயிரோட இருக்குமா?"

மறுநாள் காலையில் வேளாங்கண்ணி ஸ்கூட்டரில் மீன்பெட்டியோடு வந்து நின்றாள். "அக்கா, அயலை! இப்பந்தான் வலையிலேருந்து சாடினதாக்கும்!"

கலெக்டர் எழுந்து வந்தது. பெட்டியைப் பார்த்தது. வேளாங்கண்ணியின் முகத்தை வெகுநேரம் பார்த்தது. பிறகு திரும்பி, இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

ராஜபாய்க்குச் சந்தேகம் வந்து ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். செம்பருத்தி நிறத்தில் இருக்கவேண்டிய செவுள் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் இருந்தது.

"ஏட்டி வேளாங்கண்ணி, இது எந்தக் கிறிஸ்மஸுக்குப் பிடிச்சது?"

"கொஞ்சம் ஐஸ்ல கிடந்துது அக்கா. ஐஸும் தண்ணிதானே? குளுந்த கடல்னு நினைச்சுக்கிடுங்க."

அடுத்த நாள் வேளாங்கண்ணி சாளை கொண்டுவந்தாள். கலெக்டர் அவள் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. அன்று வைத்த புளிமுளக் குழம்பின் சட்டியை வழிக்க ராஜையனுக்கும் கலெக்டருக்கும் நடந்த போட்டியில் கலெக்டர் ஜெயித்தது. "மூக்குன்னா இதாக்கும் மூக்கு" என்றாள் ராஜபாய். ஆனால் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

செய்தி பரவியது. தெருவில் எந்த வீட்டில் மீன் வாங்கினாலும் முதலில் இங்கே கொண்டுவந்து காட்டினார்கள். சர்ச் சபைப் பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். ரயிலில் மீன் கொண்டு வருகிறவர்கள் ஓடிவந்து காட்டிவிட்டுத் திரும்பும்வரை ரயில் ஸ்டேஷனிலேயே காத்திருந்தது. ரயில் கார்டும் காட்டி வரச் சொல்லி ஒரு பொட்டலம் நெத்தோலி கொடுத்தனுப்பியிருந்தார். யேசுதாசன் சோதித்துப் பார்க்கவென்று மூடி திறக்காத மீன் டப்பாவை நீட்டினான். கலெக்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டியது. டப்பா முந்தாநாள் காலாவதியாகியிருந்தது.

வேளாங்கண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஒரு வாளி கடல்நீரில் உயிரோடு நீந்துகிற பாரையைக் கொண்டுவந்து வைத்தாள். "இதுக்கு என்ன குத்தம் சொல்லுதுன்னு பாப்போம்!"

கலெக்டர் அவளைப் பார்த்தது. திரும்பி உட்கார்ந்தது. அவமானம் தாங்காமல் பாரை அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று.

சனிக்கிழமை ஜீப் வந்தது. ராஜையன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒரு வாரமாகக் கலெக்டரிடம் சொன்ன கதைகளை விரல்விட்டு எண்ணினார். இனி இதையெல்லாம் யாரிடம் சொல்ல? தொட்டியிடமா?

டாக்டர் ஷெர்லி இறங்குமுன் வேளாங்கண்ணி ஸ்கூட்டரை ஜீப்புக்குக் குறுக்கே போட்டாள். "டாக்டரே, கொண்டு போயிராதீங்க. இது வாலாட்டுனாத்தான் இப்ப எனக்க மீனு பொட்டியோட தீருது. இது போனா என்னை யாரு நம்புவா?"

"வீட்டம்மாதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

ராஜபாய் கையில் அகப்பையோடு வெளியே வந்தாள். டாக்டரைப் பார்த்தாள், தொட்டிக்குப் பின்னால் தெரிந்த வழுக்கையைப் பார்த்தாள்.

"உங்க காப்பகத்துல ஆம்பிளையளையும் எடுப்பியளா டாக்டரே?"

"இல்லம்மா."

"அப்போ வெறும் ஜீப்பாட்டுதான் போவணும். கலெக்டர் இஞ்ச இருக்கும். இவரு கதை சொல்ல ஆளு கிடைச்ச பொறவுதான் எனக்கு ஒழுங்கா ஒறக்கம் வருது. மீனுலயும் ஏமாற வேண்டாம்."

தொட்டிக்குப் பின்னாலிருந்து ராஜையன் துள்ளிய துள்ளலில் பக்கத்துத் தென்னையில் இரண்டு தேங்காய் உதிர்ந்தன. அதையே அரைத்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்புமாக டாக்டருக்கும் வேளாங்கண்ணிக்கும் இலை போட்டாள் ராஜபாய். யானைக் கதையை ராஜையன் முதலிலிருந்து தொடங்கினார். கலெக்டர் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜீப்பில் ஏறும்போதுதான் டாக்டர் ஷெர்லி அன்றைக்குப் பாதியில் விட்டதைச் சொல்லி முடித்தார்: குட்டியாக இருந்தபோது வந்த காய்ச்சலில் கலெக்டருக்குக் காது கேட்பதும் மூக்கு மோப்பம் பிடிப்பதும் அடியோடு போய்விட்டன.