மனைவி என்று எழுதும் இடம்

ஆதிலட்சுமி மூன்றாவது முறையாக மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு பாட்டம் அழுது நிமிர்ந்தால், அது மறுபடி நின்றிருந்தது. கரண்ட் போகவில்லை, டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. சித்திரைப் புழுக்கத்தில், செத்துக் கிடப்பவருக்கு யார் காற்றை நிறுத்துவார்கள்?

வேறு யார்? ஜோதியம்மாள்தான். ஆதிலட்சுமியைக் கீழ்பென்னாத்தூரில் விட்டுவிட்டு, சகாதேவன் பதினாலு வருஷமாக இந்த அடி அண்ணாமலை வீட்டில் இவளோடுதான் குடியிருந்தார். புருஷனை எடுத்துக்கொண்டவள் சுவிட்சையும் எடுத்துக்கொண்டாளா? போதாததற்கு, அவருடைய மூடிய கண்கள்மேல் ஈரப் பஞ்சு; தலைக்கு இரண்டு தலையணை.

"மொகத்தைக்கூட முழுசா பாக்க உடமாட்டியாடி?"

"காத்து பட்டா கண்ணு காஞ்சிடும்க்கா. கண்தானத்துக்கு எழுதிக் குடுத்திருக்காரு. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணுமாம். தலை ஒசந்திருந்தா ரத்தம் கசியாதுனு போன்ல சொன்னாங்க."

"யாருக்கு யாருடி அக்கா?"

கண் வங்கியிலிருந்து அருள்ராஜ் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். அவர் நீட்டிய படிவத்தை ஜோதியம்மாள் வாங்கினாள்.

"நீங்க அவருக்கு இன்னா உறவும்மா?"

அவள் படிவத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சம்சாரமோ பசங்களோதான் சம்மதம் சொல்லணும். அவரே எழுதிக் குடுத்திருந்தாலும், வீட்டாளுங்க வேணாம்னா நாங்க தொட மாட்டோம்."

மகன் வல்லரசு ஆதிலட்சுமியைச் சமையலறைப் பக்கம் இழுத்தான். "வேணாம்னு சொல்லும்மா. வீட்டை அவ பேருக்கு உயில் எழுதிட்டாரு. மோட்டாருக்குக் காயில் கட்டுற வேலை பாத்து அவரே சம்பாதிச்ச வீடு, யாருக்கு வேணாலும் எழுதலாம், ஒண்ணும் பண்ண முடியாதுனு வக்கீல் சொல்லிட்டாரு. இதையாவது தடுக்கலாம்ல?"

உயிலை அசைக்க முடியாது, கண்ணைத் தடுக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். திரும்பிப் பார்த்தாள். ஜோதியம்மாள் கையைப் பிசைந்துகொண்டு அவள் வாயையே பார்த்திருந்தாள். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக அவள் காத்திருக்கிறாள். அது ஆதிலட்சுமிக்கு இனித்தது.

படிவத்தை வாங்கிப் பார்த்தாள். ஓரிடம் காலியாக இருந்தது.

"இங்க இன்னா எழுதணும் சார்?"

"அவருக்கு நீங்க இன்னா உறவுனு. மனைவினு எழுதுங்க."

"அவ எங்க கையெழுத்து போடுவா?"

"அவங்களா? கீழ சாட்சியா போடலாம்."

வேண்டாம் என்று சொன்னால் இந்தத் தாளே இல்லை. மனைவி என்ற சொல்லை எழுத அவளுக்கு வேறு தாளும் இல்லை.

'மனைவி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டாள். பேனாவை ஜோதியம்மாளிடம் நீட்டினாள். "நீ சாட்சி. கீழ போடு."

வல்லரசு முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவிட்சில் கை வைத்தான்.

"ஃபேன் போடாதடா!" ஆதிலட்சுமி அதட்டினாள். "பஞ்சு ஈரமா இருக்கணும், தலை ஒசந்திருக்கணும். காத்து பட்டா கண்ணு காஞ்சிடும்."