வெட்டியெடுத்த மூன்று முழம்

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி மாதையனின் ரெக்கவரி வண்டி நிற்கும். பள்ளத்தில் இறங்கிய வண்டிகளை வண்டியிலுள்ள வின்ச் என்ற இழுவை உருளையின் இரும்புக் கயிற்றில் கட்டி மேலே இழுப்பது அவன் தொழில். மாதம் ஒருமுறை அந்தக் கயிறு முழுவதையும் உருளையிலிருந்து இறக்கி, துடைத்து, பார்த்து, மறுபடி சுற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் அவன் மனைவி அன்பரசி.

அன்று இருவருக்கும் பேச்சு இல்லை. முந்தின நாள் ஏரியூரில் அவள் தங்கை புதுவீடு குடிபோனாள். கிளம்பும் நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று இவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் தனியாகப் பஸ்ஸில் போய் வந்தாள்.

ஆனாலும் காலையில் வின்ச்சின் ரிமோட்டோடு வந்து நின்றாள். அவன் கையை ஆட்டினால் கயிற்றை விட்டாள், உயர்த்தினால் நிறுத்தினாள். கயிறு முழுக்க இறங்கியதும், தோல் கையுறை போட்டுக்கொண்டு, பழைய வேட்டித் துணியால் அதை உருளைப் பக்கமிருந்து துடைத்துக்கொண்டே வந்தான். கொக்கிக்குக் கொஞ்சம் முன்னால் துணி மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தான். ஐந்தாறு கம்பிகள் அறுந்து முள்ளாக நின்றன.

அப்போது போன் வந்தது. நல்லம்பள்ளிப் பக்கம், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் வாய்க்காலில் இறங்கிவிட்டதாம்.

“இதோ கெளம்பிட்டேங்க” என்று வைத்தவன், அவளிடம் திரும்பி, “சுத்து” என்றான். அன்று அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

“மாட்டேன். நானும் பாத்தேன்.”

“ஒரே இழுப்புதான் அன்பு. தாங்கும்.”

“தாங்கலன்னா? உங்க மேல கோவமாத்தான் இருக்கேன். சண்ட போடவாச்சும் நீங்க முழுசா வூடு வந்து சேரணும்ல?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்து, “கயிறு கொஞ்சம் கெட்டிருக்குங்க. சரி பண்ணிட்டு வர ஒரு மணி நேரம் ஆவும்” என்றான்.

“நிதானமா வாங்க. டிராக்டர் எங்க ஓடிடப் போவுது?” என்றது ஒரு பெண் குரல்.

கெட்ட இடத்தையும் சேர்த்து மூன்று முழம் வெட்டியெடுத்தான். மீதிக் கயிறு நன்றாக இருந்தது. நுனியை இரும்பு வளையத்தில் மடக்கி, கொக்கியை மாட்டி, கிளாம்புகளை முறுக்கினான். அவள் ஸ்பேனரை வாங்கி இன்னொரு தரம் முறுக்கிப் பார்த்தாள்.

“நேத்து நான் வந்திருக்கணும்” என்றான், தலை நிமிராமல். “உன் தங்கச்சிக்கு போன் பண்றேன்.”

“போனெல்லாம் வேணாம். ஞாயித்துக்கெழம நேர்ல வாங்க.”

வாய்க்கால் கரையில் மாதையன் எல்லோரையும் தள்ளி நிற்க வைத்தான். அறுந்தாலும் சீறிப் பாயாமலிருக்க, கயிற்றின்மேல் ஈரச் சாக்கைப் போட்டான். கூட வந்திருந்த அன்பரசியைச் சாலைக்கு அந்தப் பக்கமே அனுப்பிவிட்டான். டிராக்டர் ஒருபக்கம் சாய்ந்து முனகியது. பிறகு நிமிர்ந்து மெல்லக் கரையேறியது.

டிராக்டருக்குச் சொந்தக்காரியான பாஞ்சாலி, போனில் பேசியவள், ஓடிவந்து அன்பரசியின் முந்தானை நிறையக் கிழங்கைக் கொட்டினாள்.

“நீயும் இந்த வேலதானா கண்ணு?”

“ஆமாங்க்கா. இவரு வண்டிய பாத்துக்குவாரு. நான் இவர பாத்துக்குவேன்.”

மாதையன் காதில் விழாதவன்போலக் கயிற்றைச் சுற்றினான். ஆனால் வண்டி நெடுஞ்சாலை ஏறும்வரை அவன் முகத்தைவிட்டுச் சிரிப்பு போகவில்லை.