நீல அட்டைக்காரர்களுக்கு மட்டும்

கவுன்சில் ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டிய காலையில் நார்மன் சமையலறையில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நடுக்குவாதம் வந்த கை. பிரஷ் ஷூவில் பட்டதைவிட மேஜையில் பட்டதுதான் அதிகம். முகத்தை மழமழவென்று மழித்து, இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு, அதில் காகிதத் துணுக்கு வேறு ஒட்டியிருந்தான். கழுத்தில் டை. கல்யாணத்துக்கா போகிறாய் என்று கேட்டேன். ஒரு ஆபீஸுக்குப் போகும்போது மனுஷனாகப் போக வேண்டாமா என்றான்.

"நார்மன், நீ நல்லா இருக்கேன்னு காட்டறதுக்குப் போகல. நல்லா இல்லேன்னு காட்டறதுக்குப் போற. அது மண்டையில இருக்கா?"

"இருக்கு ஐரிஸ், இருக்கு" என்றான், அடுத்த ஷூவை எடுத்துக்கொண்டே.

எதிர்வீட்டு வெரா முன்பே சொல்லியிருந்தாள். தன் புருஷனுக்குக் கவுன்சிலில் நீல அட்டை வாங்கினவள் அவள். மழிக்க விடாதே, வீட்டுச் செருப்போடு கூட்டிப் போ, முடிந்தால் காலை மாத்திரையைத் தள்ளிப் போடு என்றாள். அதை நான் நார்மனிடம் சொன்னபோது, தெருவில் உட்கார்ந்து கையேந்தச் சொன்னதைப் போல என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

லண்டனின் வடக்கு ஓரத்தில், ரயில் கடைசியாக வந்து நிற்கிற ஊர் எங்களுடையது. ஸ்டேஷன் மேட்டில் இருக்கிறது, எங்கள் தெரு பள்ளத்தில். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நார்மனைக் காரில் ஏற்றுவேன். ஸ்டேஷன் கார் பார்க்கில், வாசலை ஒட்டி, ஞாயிறன்று எப்போதும் இடம் கிடைக்கும். அங்கிருந்து லிஃப்ட் நாலு எட்டு. லிஃப்டில் இறங்கி ரயிலில் உட்கார வைத்துவிட்டால் லண்டனின் அந்தக் கோடிக்கே போய் இறங்கலாம். அங்கேதான் எங்கள் மகன் கீத் ஒரு இல்லத்தில் இருக்கிறான். கீத்துக்குப் பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். ஐம்பதை நெருங்கிவிட்டான். எங்களுக்கு வயதாகிவிட்டது என்று அவனை அங்கே விட்டது நார்மனுடைய முடிவு. விட்ட நாளில், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வருவேன் என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னதும் நார்மன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பிளாட்பாரம்வரை அவனைக் கூட்டிவர இல்லத்தில் ஒரு பெண் உண்டு, இவ்வளவு தூரம் இங்கே கூட்டிவர ஆள் கிடையாது. இந்த வயதில் லண்டன் நடுவில் புகுந்து கார் ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது. வாராவாரம் டாக்ஸி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆக, அந்தக் கார் பார்க் இருந்தால் நார்மன் மகனைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் பார்க்க முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

அந்தக் கார் பார்க்கில்தான் வாடகைக்கு வீடு கட்டப் போகிறோம் என்று அறிவித்தார்கள். மாதா கோயில் ஹாலில் அட்டையில் செய்த மாதிரியை வைத்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். நாலு கட்டடம், பஞ்சில் செய்த மரங்கள், விரல்நுனி அளவுக்கு மனிதர்கள். நான் குனிந்து எங்கள் கார் நிற்கிற இடத்தைத் தேடினேன். அங்கே ஒரு குட்டிப் பெண் குட்டித் தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருக்காரர்கள் கொதித்தார்கள். தோட்டத்தில் வெயில் விழாது, படுக்கையறைக்குள் எட்டிப் பார்ப்பார்கள், யாரோ எவரோ வந்து குடியேறுவார்கள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நானும் அவர்களோடு எதிர்ப்பு வாசக அட்டை பிடித்து நின்றேன். நின்றேனே தவிர உடம்பு கூசியது. வீட்டு வாசலிலேயே இரண்டு கார் நிறுத்த இடம் உள்ளவர்கள் அவர்கள். காப்பிக் கடையில் எங்களுக்குப் பரிமாறுகிற பெண் எவளோ ஒருத்தியின் மாடியறையில் பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறாள் என்பது அவர்கள் எல்லோருக்குமே தெரியும்.

கட்டுகிற கம்பெனிப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். யாருக்கு உண்மையிலேயே தேவையோ அவர்களுக்கு இடம் உண்டு, வாசலை ஒட்டியே விடுகிறோம், கட்டுமானம் நடக்கும்போதும் உண்டு, நீல அட்டை இருந்தால் போதும் என்றான். ஊனமுற்றவர்களுக்குக் கவுன்சில் கொடுக்கிற அட்டை அது. காரின் முன்கண்ணாடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாளில் கட்ட அனுமதியும் கிடைத்துவிட்டது. தெருக்காரர்கள் எதிர்ப்பு அட்டைகளைக் கராஜில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் நீல அட்டைக்கு எழுதிப் போட்டோம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், உயிர் தொண்டைக்குழியில் நின்றாலும், ஏதோ ஓடுகிறது என்றுதான் சொல்வார்கள். நார்மனுக்கு அந்த வியாதி முற்றிப்போன கேஸ். போன குளிர்காலத்தில் படியில் விழுந்து மண்டை உடைந்து ரத்தம் கொட்டும்போது, ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம், உங்களை வீணாக அலைய வைத்துவிட்டேன், ஆளுக்கு ஒரு டீ குடிக்கிறீர்களா என்று கேட்டவன்.

கவுன்சில் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தினேன். இறங்கி உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், கைத்தடி இல்லை. காரிலேயே விட்டுவிட்டானாம். எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். "உக்காரு" என்றான். மறந்து விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டிருக்கிறான். அதற்குள் அபெனா வந்துவிட்டாள். நடக்கச் சொல்லிப் பார்த்து, அட்டை தரலாமா என்று எழுதுகிறவள் அவள்தான். கானா நாட்டுப் பெண், எங்களுக்கு மகள் வயது. முந்தின ஆளைப் பார்த்து முடிக்க நேரமாகிவிட்டது, மன்னிக்கணும் என்றாள். முகம் களைத்திருந்தது.

எந்த ஸ்டேஷன் என்று கேட்டாள். நார்மன் சொன்னான். அவள் முகம் மலர்ந்தது. அங்கே கட்டப்போகிற வீட்டுக்குத்தான் நானும் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றாள். இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாளாம், ஒரே அடுப்பைப் பலரோடு பங்கு போட்டுச் சமைக்கிறாளாம். அவளை வெறுக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நார்மனுக்கோ குஷி வந்துவிட்டது. "அப்ப நம்ம ஊர்க்காரியாகப் போறேன்னு சொல்லு" என்றான். மீன் கடை எது நன்றாக இருக்கும், எந்த டாக்டரிடம் போகக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தான். வீட்டில் இந்த மனுஷனிடமிருந்து நாலு வார்த்தை பிடுங்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

தாழ்வாரத்தில் நடந்து காட்டச் சொன்னாள். நார்மன் எழுந்தான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். நடந்தான். வாசல்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பவன், குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் என் தோளை நசுக்குகிறவன், புது ஆள் பார்க்கிறாள் என்றதும் எங்கிருந்தோ பலத்தை இழுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தான். இந்த வியாதியே அப்படித்தான், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் தலைகாட்டாமல் ஒளிந்துகொள்ளும். திரும்பி வந்தவன் நெற்றியில் வேர்வை. ஆனால் சிரித்தான். கடவுளே, எவ்வளவு அழகாகச் சிரித்தான்.

"கீழ விழறதுண்டா மிஸ்டர் பெல்லிங்?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"விழறார்" என்றேன். "போன வாரம் குளியலறையில விழுந்தார். என்னால தூக்க முடியல. எதிர்வீட்டுக்காரங்களக் கூப்பிட்டுத்தான் தூக்கினோம்."

நார்மன் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "சோப்புத் தண்ணி. அதுல உனக்கும்தான் வழுக்கும். இவ எதுக்கும் பயப்படுவா."

அபெனா சிரித்துவிட்டாள். நான் அதற்கு மேலும் சொன்னேன். இங்கே நடப்பதுபோல் வீட்டில் நடப்பதில்லை, வீட்டுக்குப் போனதும் படுத்துவிடுவார், நாளை எழுந்திருக்க மாட்டார் என்றெல்லாம். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் கண் பார்த்ததை எப்படி இல்லையென்பாள்?

காரில் ஏறியதும் இருக்கையில் சரிந்துவிட்டான். டையைத் தளர்த்தக்கூடக் கை வரவில்லை. நான் தளர்த்திவிட்டேன். அந்தப் பெண் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாய் என்றான். உன் மானத்தை வைத்துக்கொண்டு கீத்தைப் பார்க்க எப்படிப் போவாய் என்று கத்தினேன்.   மறுநாள் நான் சொன்னது போலவே அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

அட்டை கிடையாது என்று பதில் வந்தது. மறுபடி பார்க்கச் சொல்லி எழுதினேன். அதற்கும் கிடையாது என்றார்கள். கார் பார்க்கைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் பலகை அடித்தார்கள். சிரிக்கிற குடும்பங்களின் படம் அதில் வரிசையாக. வாசலை ஒட்டி, சொன்ன சொல் தவறாமல், நீல அட்டைக்காரர்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் பார்த்தபோது பாதி காலியாகக் கிடந்தது.

பலகை அடித்த பிறகு வந்த முதல் ஞாயிறு, ஆனது ஆகட்டும் என்று கிளம்பினோம். ஸ்டேஷன் வாசலில் நார்மனை இறக்கி பெஞ்சில் உட்கார வைத்தேன். அசையாதே என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னேன். சுற்றியிருக்கிற தெருக்களில் கார் நிறுத்த அந்தந்தத் தெருக்காரர்களுக்குத்தான் அனுமதி. தேடித் தேடி, மேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ காரை விட்டுவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தேன். பெஞ்சில் ஒரு பெண் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நார்மன் அவளுக்கு இடம் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறான். எழுந்தவனால் ஓரடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. சிரிக்கிற குடும்பத்தின் படத்தில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தான். காற்சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பெஞ்சில் இருந்த பெண் பார்க்காததுபோல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்ட நினைத்தேன்.  என் கோட்டைக் கழற்றி அவன் இடுப்பில் சுற்றினேன்.

"கீத்துக்கிட்ட எனக்குச் சளின்னு சொல்லு" என்றான்.

கீத்தைக் கூட்டிவருகிற இல்லத்துப் பெண்ணின் செல்லுக்குப் போன் போட்டேன்.  கீத்தும் நானும் பிளாட்பாரத்தில் நிற்கிறோம் என்றாள். நார்மன் கையை நீட்டினான், கொடுத்தேன்.

"கீத், நான் அப்பா. இன்னைக்கு வரலடா. ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்."

பக்கத்தில் நின்ற எனக்கும் கீத்தின் குரல் கேட்டது. சரிப்பா, சரிப்பா என்றான். அவனுடைய சத்தமான குரல். பிறகு பின்னால் ரயில் வருகிற இரைச்சல். "அப்பா ட்ரெயின் வந்திருச்சு" என்றான் கீத். போன் கைமாறியது. அந்தப் பெண் அவனைக் கூப்பிட்டாள், இன்றைக்கு வரவில்லை என்று சொன்னார் இல்லையா, நில்லு கீத் என்றாள். கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்கு அப்பால் தூரத்தில், ஒவ்வொரு கதவாக ஓடி ஓடி, அப்பா, அப்பா என்று கீத் கூப்பிட்டுக்கொண்டே போனான். நார்மன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் வாங்கப் போனேன், விடவில்லை.