மாமனார் செய்த ஊசி

என் மாமனார் தையல் மெஷினுக்கு ஊசி செய்கிறவர். வெளிநாட்டு ஊசிக்கு முன்னால் பல வருஷமாகத் தலையெடுக்க முடியாமல் கிடந்த பட்டறை. எங்கேயோ இரண்டு பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டதில் கப்பல்கள் பாதிவழியில் நின்றன. ஊசிக்குக்கூட அடுத்தவன் கையை எதிர்பார்ப்பதா என்று எங்கள் அரசாங்கத்துக்கு ரோஷம் வந்து, இறக்குமதியையே நிறுத்திவிட்டது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பூட்டிக் கிடந்த இன்னொரு கொட்டகையையும் திறந்து ஆள் சேர்த்தார்.

அந்த ஊசி நேராக வந்து சேர்ந்த இடம், நான் ஜீன்ஸ் தைக்கும் ஆலை. சும்மா சொல்லக் கூடாது, பாக்கெட் துணியில் நன்றாகத்தான் ஓடியது. இடுப்புப் பட்டையின் மடிப்பு வந்தால் மட்டும் பட்டென்று முறியும். என் வரிசைப் பெண்கள் என்னைத்தான் முறைப்பார்கள், ஏதோ நானே பட்டறையில் உட்கார்ந்து செய்தது மாதிரி.

வீட்டுக்கு வந்தால் மாமா வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"நம்ம ஊசி எப்படிம்மா ஓடுது?"

"சும்மா பறக்குது, மாமா."

வாயெல்லாம் பல்லாக நிற்கிற மனுஷரிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

ஒருநாள் முறிந்த முனை என் விரல் நகத்துக்குள் இறங்கிவிட்டது. விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு, காய் நறுக்கும்போது கத்தி பட்டது என்றேன். மாமா கட்டைப் பிரித்துப் பார்த்தார். காலமெல்லாம் ஊசியோடு கிடப்பவரிடம் போய்க் கத்தி என்றிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல! அவர் மருந்து வைத்து, வலிக்காமல் திரும்பக் கட்டிவிட்டார். அன்று சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

தடையை நீட்டிக்கலாமா என்று விசாரிக்க ஓர் அதிகாரி எங்கள் ஆலைக்கு வந்தார். ஊசி செய்கிறவர்கள், தைக்கிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். வாயே திறப்பதில்லை என்ற முடிவோடுதான் நான் போனேன். மாமா முதல் ஆளாக எழுந்தார்.

"நம்ம ஊசிய நாமளே செய்யணும் சார், அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா என்னோடது தடிச்ச துணிக்கு இன்னும் தாங்கல. அது சரியாகுற வரைக்கும் வெளிநாட்டு ஊசி வரட்டும்."

"புரிஞ்சுதான் பேசுறீங்களா? ஆர்டர் பூரா அங்க போயிடும். உங்க பட்டறை படுத்துடும்."

"படுத்தா எழுப்பிக்கலாம் சார். பட்டறை என்னோடது. விரல் என் மருமகளோடது."

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"நீ உக்காரும்மா," என்றார்.

நான் உட்காரவில்லை.