வயிற்றின் மேல் பேப்பர்

அப்பா மெஷினை அது வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். குழாயைச் சுருட்டி ஓரமாகச் செருகினார். மூக்கில் மாட்டும் மூடியைத் துண்டால் துடைத்து மேலே வைத்தார். குவைத்தில் நர்ஸாக இருக்கும் ரத்தினபாய் அத்தை லீவில் வந்தபோது அவருக்காகக் கொண்டுவந்தது அது. தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளாமல் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும்.

"ஜெயசீலி, ரத்தினம் குவைத்துக்குத் திரும்பிப் போறதுக்குள்ள இத்த அவகிட்டயே குடுத்துடு. நமக்கு ஒத்து வர்ல. போட்டுக்கினுதான் படுக்கறேன். எழுந்து பாத்தா மூஞ்சில இல்ல. தூக்கத்துல நானே மெஷின நிறுத்திட்டு புடுங்கிப் போட்டுடறேன் போலக்கீது."

அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அப்பா ராத்திரி ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். விடிந்து வந்து பகலில்தான் தூக்கம். இரும்புலியூரில் எங்கள் சந்து ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியது. லாரி ஹாரனை மீறி அவர் குறட்டை கேட்கும். பக்கத்து வீட்டுக் காமு சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாக்கா, உங்க வூட்டு பஸ் ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்பாள். நடுவில் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். அம்மா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி அவர் தோளை உலுக்குவாள். பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

போன மழைக்காலத்தில் பெருங்களத்தூர் பக்கம் அவர் கண்ணசந்ததில் பஸ் ரோட்டின் நடுத்திட்டில் ஏறி நின்றது. உள்ளே ஆட்கள் நிறைய இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து நான் வீட்டில்தான். அதிகம் பேசமாட்டேன். நான் இருப்பதையே பல நேரம் மறந்துவிடுவார்கள். அதனால்தான் அம்மா பகலில் அப்பா தூங்கும் அறைக்குள் போவதைப் பார்த்தேன். மெஷினை நிறுத்துவாள். அவர் தலையைத் தூக்கி மூடியைக் கழற்றுவாள். குறட்டை கிளம்பும் வரை நின்றிருந்துவிட்டு அடுப்புக்குத் திரும்புவாள்.

அப்பா பெட்டிக்குக் கயிறு கட்டினார். அன்றைக்கும் ராத்திரி டியூட்டி இருந்தது.

"நீங்க புடுங்கலப்பா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அம்மாதான் கழட்டுறாங்க."

முறம் நின்றது. அப்பா கயிற்றைப் பிடித்தபடியே அம்மாவைப் பார்த்தார்.

"அத்த மாட்டினா சத்தமே வர்ல," என்றாள் அம்மா. "சத்தம் நின்னா நான் ஓடியாந்து உலுக்குவேன். இத்தினி வருஷம் அப்டிதான் உங்களக் காப்பாத்திகினு வர்றேன். இப்ப பகலெல்லாம் சத்தமில்லாம கெடந்தா நான் இன்னான்னு நெனைக்கறது?"

"அடிப்பாவி. கண்ணாலமான புதுசுல கொறட்ட தாங்கலன்னு பாயத் தூக்கிக்கினு சமையக்கட்டுக்குப் போனவதானே நீ?"

அம்மா சிரிக்கவில்லை. அப்பா கயிற்றை அவிழ்த்து, மெஷினை எடுத்து வைத்து ஓடவிட்டார். மூடியை மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார். காலையில் படித்துப்போட்ட பேப்பரை எடுத்து விரித்து, கூரை மாதிரி வயிற்றின் மேல் கவிழ்த்துக்கொண்டார். மூடியை ஒரு பக்கம் தூக்கி, "காதுல கேக்காத. இத்தப் பாரு," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

பேப்பர் ஏறியது. இறங்கியது. அம்மா அறை வாசலில் முறத்தோடு உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாக்கா, பஸ் இன்னிக்கு லீவா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து காமு கேட்டாள். கல்லைப் பொறுக்குகிற அம்மாவின் விரல் அரிசியில் இருந்தது, கண் பேப்பரில் இருந்தது.

அப்பா ஒருக்களித்தார். பேப்பர் சரிந்து தரையில் விழுந்தது. அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள். அவள் கை மெஷின் ஸ்விட்ச் வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு குனிந்து பேப்பரை எடுத்து, மடிப்பை நீவி, அவர் விலாவின் மேல் வைத்தாள். அது நிற்கவில்லை. மறுபடி எடுத்து வைத்து, விழாமல் ஓரத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். பேப்பரோடு அவள் விரலும் ஏறி இறங்கியது.